28 நாள், 11 நாடு, முதுகில் ஒரு பை: ஐரோப்பா போக யோசனை சொல்லுங்க

வாய்க்கால்கரை (கொடுமுடி)

வணக்கம்ங்க. எனக்கு வயது 23. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் வேலை பார்க்கிறேன். சம்பளம் 24,000, வங்கியில்தான் போடுகிறார்கள். ஒரு மாதம் சம்பளமில்லாமல் விடுப்புத் தருவதாக முதலாளி சொல்லிவிட்டார். கல்யாணம், வீடு என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எங்கேயும் போக முடியாது என்பதால் இப்போதே ஐரோப்பாவைத் தனியாகச் சுற்றிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். டூர் கம்பெனியோடு போக விருப்பமில்லை. முதுகில் ஒரு பை, ஹாஸ்டல், ரயில், பஸ், அவ்வளவுதான்.

சேமிப்பு 1.6 லட்சம் இருக்கிறது. அடுத்த மாதம் சீட்டு எடுக்கிறேன், அதில் ஒன்றரை லட்சம் வரும், அதையும் கணக்கில் போட்டுவிட்டு விசாவுக்குப் போகலாம் என்று கணக்கு. 28 நாள். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, செக், ஆஸ்திரியா, ஹங்கேரி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று 11 நாடு எழுதி வைத்திருக்கிறேன். இது முடியுமா?

இன்னொரு கவலை விசா. நான் வருமான வரி தாக்கல் செய்ததே இல்லை. அப்பா விவசாயம், மஞ்சளும் கரும்பும். வீட்டில் யாரும் வெளிநாடு போனதில்லை, அம்மா இன்னும் முழுசாகச் சரி சொல்லவில்லை. சாப்பாட்டில் மாடும் பன்றியும் வேண்டாம், மற்றதெல்லாம் சாப்பிடுவேன்.

எதற்கு ஐரோப்பா என்று சைட்டில் கேட்கிறார்கள். எங்கள் தோட்டம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனம். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் இன்றைக்கும் எங்கள் மஞ்சளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. படிக்கும்போது ரோமானியர்கள் கட்டிய கால்வாய்ப் பாலங்களின் படத்தை ஒரு வாத்தியார் காட்டினார், அன்றிலிருந்தே அதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனதில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஆனைமலைச்சாரல் (பொள்ளாச்சி, இப்போது ஸ்டுட்கார்ட்)

தம்பி, கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் பயணம். மேலே இருக்கிற 11 நாடு யாரோ போட்ட பட்டியல் மாதிரி இருக்கிறது. அதை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

28 நாளில் 11 நாடு முடியுமா என்றால் கால் வைத்துவிட்டு வர முடியும். ஒரு ஊர் மாறுவதென்றால் காலையில் அறையைக் காலி செய்வது, ஸ்டேஷனுக்குப் போவது, நாலைந்து மணி நேரம் ரயில், புது ஊரில் ஹாஸ்டலைத் தேடுவது, சாயங்காலம் மூன்று மணிக்கு மேல்தான் அறை தருவார்கள், எல்லாம் சேர்ந்து ஒரு நாளே போய்விடும். 11 நாடு என்றால் குறைந்தது 12, 13 முறை இப்படி மாற வேண்டும், அதாவது உங்கள் விடுப்பில் பாதி ஸ்டேஷன்களிலேயே கழியும், காசும் அதற்கே போகும். மலிவு விமானம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். டிக்கெட்டில் பாரிஸ் என்று போட்டிருக்கும், இறங்குவது 80 கிலோமீட்டர் தள்ளி போவே விமான நிலையத்தில், அங்கிருந்து ஊருக்குள் வர ஒன்றேகால் மணி நேர பஸ், அதற்குத் தனிக் காசு, பை கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதற்கும் தனிக் காசு.

உங்களுக்கு ரோமானியர் கால்வாய் பார்க்க வேண்டும். அது மூன்று நாட்டில் ஒரே கோடாக, ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறது: ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி. மாட்ரிட்டில் இறங்குங்கள், ரோமில் ஏறுங்கள். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏற வேண்டியதில்லை, போக ஒரு ஊர் வர ஒரு ஊர் என்று ஒரே டிக்கெட்டாகவே எடுக்கலாம், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

மாட்ரிட்டிலிருந்து செகோவியா. அதிவேக ரயிலில் அரை மணிதான், ஆனால் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். மாட்ரிட்டில் மொன்க்லோவா என்ற இடத்திலிருந்து பஸ் போகிறது. ஒன்றேகால் மணி நேரம் ஆகும், விலை குறைவு, இறக்கிவிடுகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே கால்வாய்ப் பாலம். அதற்கு டிக்கெட் எதுவும் கிடையாது, ஊர் நடுவில் தெருவுக்கு மேலே நிற்கிறது. 28 மீட்டர் உயரம், கருங்கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல் எடையிலேயே நிற்கிறது. சிவில் படித்த ஆள் அதன் அடியில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த நாளில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

அப்புறம் பார்சிலோனா. மாட்ரிட்டிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். இந்தப் பாதையில் ஸ்பெயின் அரசு ரயிலோடு ஊய்கோ, இரியோ என்று போட்டி நிறுவனங்களின் ரயிலும் ஓடுவதால் ஒரு மாதம் முன்னாடியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும். பார்சிலோனாவுக்குத் தெற்கே தரகோனா, அதன் வெளியே சாத்தான் பாலம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற கால்வாய்ப் பாலம் ஒன்று. வெளிநாட்டுக் கூட்டம் அதிகம் போகாது. அதில் என்ன விசேஷம் என்றால் மேலே ஏறி, தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குள்ளேயே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து போகலாம். இரண்டு பக்கமும் சுவர், கீழே பைன் மரங்கள்.

பார்சிலோனாவிலிருந்து தெற்கு பிரான்சில் இருக்கிற நீம் நகரத்துக்கு நேரடி அதிவேக ரயில் இருக்கிறது. நீமிலிருந்து பஸ்ஸில் போனால் போன் டு கார் என்ற கால்வாய்ப் பாலம். முதல் நூற்றாண்டில் கட்டியது, மூன்று அடுக்கு, 49 மீட்டர். அதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத விஷயம் அந்தக் கால்வாயின் மட்டம்: மொத்த நீளம் 50 கிலோமீட்டர், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் 12 மீட்டர் சொச்சம். சராசரி கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம். டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியோ லேசரோ இல்லாத காலத்தில், மலையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து அந்த மட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். வாய்க்காலின் உள் சுவரில் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருக்கும், நம் ஊரில் உப்புத் தண்ணீர் போர்வெல் பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெட்டி வளையம் இருக்குமே அது போல. அந்த மேல் கால்வாய்க்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்னாடியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அதோடு திரும்பிவிடாதீர்கள். நீம் ஊருக்குள்ளேயே, கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில், அந்தத் தண்ணீர் கடைசியாக வந்து விழுந்த வட்டத் தொட்டி இருக்கிறது. பெரிய கிணறு அகலம்கூட இருக்காது. சுவரில் வரிசையாகப் பத்துத் துளைகள், அதில் ஈயக் குழாய் பொருத்தி ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் தண்ணீர் பிரித்து விட்டிருக்கிறார்கள். தெருவிலிருந்தே கம்பி வழியாகப் பார்க்கலாம், காசு இல்லை. மதகு திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரிலிருந்து போகிறீர்கள், பாலத்தைவிட அது உங்களுக்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

அங்கிருந்து கடற்கரை ஓரமாகவே நீஸ், ஜெனோவா, ரோம். ரோமில் மெட்ரோ ஏ வழித்தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கால்வாய்களுக்கென்றே ஒரு பூங்கா, கி.பி. 52இல் முடித்த கிளாடியா கால்வாயின் வளைவுகள் புல்வெளியில் வரிசையாக நிற்கும். அதுவும் இலவசம். கி.மு. 19இல் கொண்டுவந்த விர்கோ கால்வாயின் தண்ணீர்தான் இன்றைக்கும் திரேவி நீரூற்றில் விழுகிறது.

ஊர்சுற்றி (பல்லடம்)

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 23 வயதில் போகாமல் எப்போது போவது? திரும்ப விசா வாங்கி, திரும்ப 60,000, 70,000 கொடுத்து டிக்கெட் எடுத்து யாரும் அடிக்கடி போவதில்லை. போன கையோடு முடிந்தவரை பார்த்துவிட வேண்டும். யூரெயில் பாஸ் என்று ஒரே ரயில் பாஸ் 33 நாட்டுக்குச் செல்லும், 27 வயது வரை இளைஞர் விலை. ராத்திரி ரயிலில் தூங்கினால் ஹாஸ்டல் காசும் மிச்சம். தம்பி, உங்கள் பட்டியலிலிருந்து போர்ச்சுகலை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே செய்யுங்கள்.

ஆனைமலைச்சாரல்

பாஸ் நல்ல விஷயம்தான், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் என்று சுற்றுகிறவர்களுக்கு. அங்கே பெரும்பாலான பகல் ரயிலில் அப்படியே ஏறி உட்காரலாம். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பல ரயிலில் ஒரு தடவைக்குப் பத்து முதல் இருபது யூரோ ஆகிவிடும். பிரெஞ்சு ரயிலில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்குகிற இடமும் கொஞ்சம்தான், கடைசி நேரத்தில் கிடைக்காது. ராத்திரி ரயிலில் உட்காரும் இருக்கைதான் மலிவு, படுக்கைக்கு ஹாஸ்டல் அளவு காசு வந்துவிடும். நான் சொன்ன வழியில் ஆறேழு நீண்ட பயணம்தான், தனித்தனி டிக்கெட்டே மலிவு.

வயதைப் பற்றிச் சொன்னது சரி, அதனால்தான் சொல்கிறேன். ஒரு ஊரில் நாலு நாள் இருந்தால் மூன்றாம் நாள் பேக்கரிக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார். அதற்கு முன்னால் கிளம்பிவிட்டால் வீடியோவில் பார்த்ததற்கும் நேரில் போனதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கரூர்த்தறி (கரூர்)

விசா விஷயம் நான் சொல்கிறேன். வீட்டு ஜவுளி ஏற்றுமதித் தொழில், பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு ஜனவரியில் போவது வழக்கம், எங்கள் ஆபீஸ் பையன்களுக்கும் காகிதம் தயார் செய்து கொடுப்பது நான்தான்.

தம்பி, முதலில் அந்தச் சீட்டுப் பணம். விசாவுக்குப் போகிற மாதத்தில் திடீரென்று ஒன்றரை லட்சம் கணக்கில் வந்து விழுந்தால் தூதரகத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். காட்டுவதற்காகக் கடன் வாங்கிப் போட்ட பணமோ என்று சந்தேகம் வரும். அதற்காக மறைக்கவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். பதிவு செய்த சீட்டு நிறுவனம் என்றால் பாஸ்புத்தகமும் எடுத்ததற்கான ரசீதும் இருக்கும், அதன் நகலை வைத்து, இந்தத் தேதியில் வந்த தொகை இது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஊருக்குள் ஆளுக்கு ஆள் போடுகிற சீட்டு என்றால் காகிதம் இருக்காது. அப்போது பணத்தைச் சீக்கிரம் கணக்கில் போட்டுவிட்டு மூன்று நாலு மாதம் கழித்து விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் என்றால் வாங்கமாட்டார்கள். முடிவு வர 15 நாள் என்பது வழக்கம், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். சென்னை விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கோடை விடுமுறைச் சமயத்தில் கஷ்டம்.

இரண்டாவது, அப்பாவின் பக்கம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் வரித்தாக்கல் இல்லை என்பது குறையே கிடையாது, ஆனால் அது தூதரகத்தில் உட்கார்ந்திருக்கிற வெளிநாட்டு அதிகாரிக்குத் தானாகப் புரியாது, நீங்கள்தான் காகிதத்தில் புரியவைக்க வேண்டும். கரும்பு ஆலைக்குப் போகிறதென்றால் பணம் வங்கியில் வரும், அந்தப் பக்கங்களைக் குறித்துக் கொடுங்கள், அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. மஞ்சள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்றிருந்தால் ரசீது இருக்கும். பட்டா, சிட்டா எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். தாசில்தார் அலுவலக வருமானச் சான்று ஒன்று. குறைகிற செலவை என் மகனுக்கு நான் ஏற்கிறேன் என்று அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம். நிலம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது, பையன் திரும்பி வருவான் என்பதுதான் மொத்தக் கோப்பும் சொல்ல வேண்டிய விஷயம்.

உங்கள் பக்கம்: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு, திரும்பி வந்து வேலையில் சேருவார் என்று முதலாளியின் கடிதம். இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல். பாஸ்போர்ட் திரும்பி வருகிற தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம், மறுத்தாலும் இது திரும்பாது. விசா வருவதற்கு முன் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் பல பேர் குழம்புகிறார்கள். ஒரு விசாவிலேயே ஷெங்கன் என்று சேர்ந்திருக்கிற 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் போகலாம், ஆனால் அதிக நாள் தங்குகிற நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக வந்தால் முதலில் இறங்குகிற நாடு. இத்தாலியில் அதிக ராத்திரி என்றால் இத்தாலி. முதலில் மாட்ரிட்டில் இறங்கினாலும் பிரச்சினை இல்லை, எல்லையில் கேட்டால் காட்டுவதற்கு ஹாஸ்டல் பதிவுகளைக் காகிதமாகவே கையில் வைத்திருங்கள். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றுகிற முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள், கொடுத்த நாளுக்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எளிய பாதை, மூன்று நாடு, எல்லா ராத்திரிக்கும் தங்குமிடம் என்று கோப்பு தெளிவாக இருந்தால் அதிகாரிக்கும் நம்பிக்கை வரும். 11 நாடு என்று எழுதிக் கொண்டுபோனால் 28 நாளுக்கு இதெல்லாம் எப்படி என்று அவரே கேட்பார்.

வாய்க்கால்கரை

ஐயா, அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றிங்க. அந்த வட்டத் தொட்டியைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. நேற்று ராத்திரி அதையே தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி என்று முடிவு செய்துவிட்டேன். சீட்டு எங்கள் ஊரில் போடுகிறதுதான், காகிதம் இல்லை, அதனால் பணத்தை எடுத்த அன்றைக்கே வங்கியில் போட்டுவிட்டு நாலு மாதம் பொறுக்கிறேன். கரும்புப் பணம் அப்பா கணக்கில்தான் வருகிறது.

அம்மாவுக்கு இரண்டு பயம். ஒன்று, முன்பின் தெரியாத எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுப்பது. இன்னொன்று சாப்பாடு. இரண்டு கிலோ நெய்யும் கறிவேப்பிலையும் கட்டிக்கொடுக்கிறேன் என்று இருக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்றும் யாராவது சொல்லுங்க.

நொய்யல் (கோயம்புத்தூர்)

தம்பி, அம்மாகிட்டே சொல்லுங்கள், நெய் கூடாது, பால்கோவா கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பையில் கொண்டுபோகத் தடை, பிடித்தால் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கறிவேப்பிலையும் அப்படித்தான், பச்சைக் காய், பழம், இலை எதற்கும் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் மட்டும் விலக்கு. பொடி வகை எடுத்துக்கொண்டு போகலாம், பருப்புப் பொடி, மிளகாய்த்தூள், சீரகம், மஞ்சள்தூள், உங்கள் தோட்டத்து மஞ்சளே. ஊறுகாய் கையில் வைத்திருக்கிற பையில் என்றால் 100 மில்லி டப்பாவுக்கு மேல் விடமாட்டார்கள்.

பெரும்பாலான ஹாஸ்டலில் சமையலறை உண்டு, பதிவு செய்யும்போதே அதைப் பார்த்து எடுங்கள். அங்கே நம் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு நிகர் எதுவும் இல்லை. ஒரே பாத்திரம், கால் மணி நேரம், கழுவுவதும் ஒன்றுதான். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி கிடைக்கும், துவரம்பருப்புக்குப் பதில் சிவப்பு மைசூர்ப் பருப்பு துருக்கிக் கடைகளில், அரபுக் கடைகளில் கிடைக்கும், அது சீக்கிரமே வெந்துவிடும் என்பதால் குக்கர் வேண்டாம். எண்ணெயில் சீரகம், வெங்காயம், பூண்டு தாளித்து, தக்காளி வதக்கி, தூள் போட்டு, அரிசியும் பருப்பும் சேர்த்து ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்து மூடிவிடுங்கள். பக்கத்து அடுப்பில் பாஸ்தா கிண்டுகிற பையன் என்ன வாசனை என்று கேட்பான், ஒரு கரண்டி கொடுங்கள், அன்றைக்கு ராத்திரி உங்களுக்கு ஒரு நண்பன் கிடைத்துவிடுவான். அம்மாவின் முதல் பயத்துக்கும் பாதி பதில் அதில் இருக்கிறது.

வெளியில் சாப்பிடுவதென்றால் ஸ்பெயினில் மத்தியானம்தான் நல்லது. வார நாட்களில் மெனு டெல் தியா என்று மூன்று வகையோடு 12லிருந்து 16 யூரோவுக்கு முழுச் சாப்பாடு போடுவார்கள். ராத்திரிச் சாப்பாடு அங்கே ஒன்பது மணிக்குத்தான், ஏழு மணிக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். பன்றி வேண்டாம் என்பதால் ஸ்பெயினில் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், பயறு, பீன்ஸ் குழம்பில்கூட ஹாம் துண்டு போட்டிருப்பார்கள். தோர்த்தியா என்பது அங்கே முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட கனமான அடை, எங்கேயும் கிடைக்கும், பயப்படாமல் சாப்பிடலாம். நீஸில் சொக்கா என்று கடலைமாவில் பெரிய தட்டில் சுட்டுக் கொடுப்பார்கள், சூடாக மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுங்கள். ரோமில் தண்ணீர்ப் பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும், அப்படியே குடிக்கலாம்.

இனி ஹாஸ்டல். நான் தனியாகப் போனபோது பெண்களுக்கு மட்டுமான அறை எடுத்தேன், உங்களுக்கு எந்த அறையானாலும் சரி, நாலு பேர் அல்லது ஆறு பேர் அறையாகப் பாருங்கள், 12 பேர் அறையில் தூக்கம் வராது. பெட்டகம் இருக்கும், பூட்டு இருக்காது, நம் ஊர்ப் பூட்டு சின்னதாக ஒன்று கொண்டுபோங்கள். பாஸ்போர்ட், இரண்டாவது கார்டு, கொஞ்சம் யூரோ மூன்றையும் சட்டைக்குள் கட்டுகிற பையில் வையுங்கள். பார்சிலோனா ராம்ப்ளா தெரு, அந்த ஊர் மெட்ரோ, ரோம் தெர்மினி ஸ்டேஷன் இந்த மூன்று இடத்திலும் பிக்பாக்கெட் அதிகம். கத்தி காட்டி மிரட்டுவதெல்லாம் அபூர்வம், நீங்கள் வாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை உள்ளே போய்விடும், அவ்வளவுதான். காகிதம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், கையில் கயிறு கட்ட வந்தால், நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். எந்த ஊரிலும் அவசரத்துக்கு 112. ஒரு ஊருக்குப் போய்ச் சேருவது எப்போதும் வெளிச்சத்திலேயே இருக்கட்டும், ராத்திரி பதினொரு மணிக்குப் புது ஊர் ஸ்டேஷனில் இறங்குகிற டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அம்மாவுக்கு வாட்ஸப்பில் தினமும் இந்திய நேரம் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிடுங்கள், அங்கே அப்போது சாயங்காலம்தான், அந்த ஒரு நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், பாதிப் பயம் போய்விடும்.

செலவு. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 28 நாளையும் அங்கேயே கழிக்காமல் 24 ராத்திரி என்று வையுங்கள், போக வரவும் வந்து ஓய்வெடுக்கவும் நாள் வேண்டும். ஹாஸ்டல் சராசரி 35 யூரோ என்றால் 84,000. சாப்பாடும் ஊருக்குள் பஸ்ஸும், பாதி நாள் சமைத்தால், ஒரு நாளைக்கு 20 யூரோவில் அடங்கும், 48,000. நீண்ட ரயில் எல்லாம் சேர்ந்து 25,000. விமானம் 65,000. விசா, இன்சூரன்ஸ், சென்னை போய்வருவது 15,000. நுழைவுச் சீட்டுகள் 15,000. இரண்டரை லட்சம். மீதி அறுபதாயிரத்தைத் தொடாமல் கார்டிலேயே வைத்திருங்கள். இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு வங்கி. மெஷினில் பணம் எடுக்கும்போது ரூபாயில் காட்டட்டுமா, யூரோவிலா என்று கேட்டால் எப்போதும் யூரோ என்றே அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

மாட்ரிட்டில் பிராடோ ஓவியக்கூடம் திங்கள் முதல் சனி வரை சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை இலவசம், ஞாயிறு ஐந்து முதல் ஏழு. இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கொலோசியமும் அதில் உண்டு, ஆனால் வரிசை அன்றைக்கு அரை நாளைத் தின்றுவிடும்.

வாய்க்கால்கரை

அக்கா, இதைக் காகிதத்தில் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெய்யைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றதும் அம்மாவே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணி போன் என்பதற்குத்தான் சரி என்று தலையாட்டினார்கள்.

இப்போது போட்டிருக்கிற திட்டம்: மாட்ரிட் 4 ராத்திரி, பார்சிலோனா 4, நீம் 5, நீஸ் 2, ஜெனோவா 2, ரோம் 7. இத்தாலி 9, ஸ்பெயின் 8, பிரான்ஸ் 7, அதனால் இத்தாலியில் விண்ணப்பம். கடைசியாக ஒன்று: மே மாதமா, செப்டம்பர் கடைசியா? விமானம் கோவையிலிருந்தா, கொச்சியிலிருந்தா?

ஆனைமலைச்சாரல்

திட்டம் நன்றாக இருக்கிறது, நாள் கணக்கும் சரி. இத்தாலிக்கு ஒரு ராத்திரிதான் அதிகம், அதனால் விசா வந்த பிறகு பிரான்சிலோ ஸ்பெயினிலோ நாளைக் கூட்டிவிடாதீர்கள்.

சீட்டுப் பணத்துக்கு நாலு மாதம் பொறுக்கிறீர்கள் என்பதால் எந்த மாதம் தோதாக வருகிறதோ அதை எடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், வெயில் நம் ஊர் சித்திரையைத் தொடும், ஹாஸ்டல் விலை ஏறியிருக்கும், ஆகஸ்டில் ஊர்க்காரர்களே கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். மே என்றால் முதல் தேதியைத் தாண்டிப் போங்கள், அன்று தொழிலாளர் தினம், பிரான்சிலும் இத்தாலியிலும் நிறைய இடங்கள் மூடியிருக்கும். மே மாதத்தில் ராத்திரி ஒன்பது வரை வெளிச்சம் இருப்பது உங்களுக்கு லாபம், தரகோனா பாலத்துக்கு மத்தியானத்துக்கு மேல் போனாலும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பார்சிலோனா திரும்பிவிடலாம்.

விமானம் இரண்டு ஊரிலிருந்தும் விலை பாருங்கள், பெங்களூருவையும் சேர்த்துப் பாருங்கள். வளைகுடா வழியாக மாட்ரிட் போய் ரோமிலிருந்து திரும்புகிற டிக்கெட் கொச்சியில்தான் அதிகம் கிடைக்கும். ஈரோட்டிலிருந்து கேரளா போகிற ரயில் நிறைய, ஆலுவாவில் இறங்குங்கள், எர்ணாகுளம் வரை போக வேண்டாம். ஆலுவாவிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையம் பக்கம்தான். விமானம் விடியற்காலை என்றால் முந்தின நாள் பகல் ரயிலையே பிடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் பாலக்காட்டுப் பக்கம் ரயில் தாமதமாவது உண்டு. போன் டு கார் மேல் கால்வாய்க்குப் பதிவு திறந்ததும் இங்கே எழுதுங்கள், அந்தத் தேதியை முதலில் பிடித்துக்கொண்டு மற்ற ரயிலையெல்லாம் அதைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம்.